எனக்கு நோயில்லை, ஸ்டூல் வேண்டும்

1

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புப் பட்டை ஒரு முறை அதிர்ந்தது. குனிந்து பார்த்தேன். ‘இன்று நீங்கள் போதுமான அளவு அசையவில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. அப்போது நான் ஆறு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன்.

டொராண்டோவுக்கு மேற்கே ஒரு ஊரில், பெரிய மளிகைக் கடை ஒன்றில் எனக்குக் காசாளர் வேலை. நான்காம் கவுண்டர். வருகிறவர்கள் எடுத்து வைக்கும் பொருளை ஒவ்வொன்றாக, விலைக்கோடு படிக்கும் கண்ணாடி மேல் இழுத்து மறுபக்கம் தள்ள வேண்டும். கை ஓடும், இடுப்பு திரும்பும், கால் மட்டும் ஒரே ரப்பர் விரிப்பின் மேல் ஊன்றியிருக்கும். காலடியை மட்டும் எண்ணத் தெரிந்த பட்டைக்கு நான் சோம்பேறி.

பட்டையைக் கொடுத்தது கம்பெனி. ‘ஊழியர் ஆரோக்கிய மாதம்’ என்று ஒன்று கொண்டாடினார்கள். ஆளுக்கொரு பட்டை, சாப்பாட்டு அறையில் ஒரு கூடை ஆப்பிள், சுவரில் ஒரு படம். படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே படியேறுகிறாள். கீழே பெரிய எழுத்தில், ‘குறைவாக உட்காருங்கள்!’

என்னுடன் வேலை செய்யும் ஹர்ஜீத், ஜலந்தர் பக்கத்துக்காரி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிசைந்தபடி அதைப் படித்தாள். “இதற்கு மேல் எப்படிக் குறைப்பது, குணா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நாங்கள் இருவரும் வெகு நேரம் சிரித்தோம். சிரித்து முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

நேராக மேனேஜரிடம் போனேன். பிரையன் நல்ல பையன், என் மகளைவிட நாலைந்து வயது பெரியவன். “கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் வேண்டும்” என்றேன்.

“ஐயோ, உங்களுக்கு என்ன உடம்பு?” என்றான், உண்மையான கவலையோடு.

“ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறேன்.”

அவனுக்குப் புரியவில்லை. நன்றாக இருப்பவள் எதற்கு உட்கார வேண்டும்? இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தான். ஆறு பக்கம். உங்கள் குறைபாடு என்ன? உடம்பில் எந்தப் பாகம்? எப்போதிலிருந்து? நிரந்தரமா, தற்காலிகமா? கடைசிப் பக்கம் முழுக்க டாக்டர் நிரப்ப வேண்டியது. “டாக்டர் லெட்டர் இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை” என்றான்.

டாக்டர் லெட்டர் என்றதும் எனக்கு மெஹருன்னிசாவின் முகம் வந்து நின்றது. அவள் கதையைச் சொல்லாமல் நான் ஏன் அந்தப் படிவத்தில் ஒரு நோயை எழுதவில்லை என்பதைச் சொல்ல முடியாது.

2

தொண்ணூறுகளின் நடுவில் நானும் மெஹரும் தி. நகர் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை காட்டிக்கொண்டிருந்தோம். கடைப் பெயர் வேண்டாம், அது இப்போது இல்லை. இரண்டு பேருக்கும் ராயப்பேட்டை. என் அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர், அவள் அப்பா சைக்கிள் சீட்டுக்கு உறை தைப்பவர். அவள் வீட்டில் உருது, வாசலைத் தாண்டினால் எங்கள் எல்லோரையும்விட நல்ல மெட்ராஸ் தமிழ்.

காலையில் பேருந்திலிருந்து இறங்கிப் பனகல் பூங்காவைக் கடக்கும்போது, நடைப்பயிற்சி முடித்தவர்கள் வேர்த்த சட்டையோடு வெளியே நின்று இளநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் வேகமாக அவர்களைத் தாண்டுவோம். அன்றைக்கு நாங்கள் நடக்கப்போகும் நடை அவ்வளவுதான்.

எங்களுக்கு இரண்டாம் மாடி. பதினோரு பெண்கள். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை உட்காரக் கூடாது, அலமாரியில் சாயக் கூடாது. கவுண்டருக்கு அந்தப் பக்கம், வாங்க வருகிறவர்களுக்காக வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். ஆள் வராத மத்தியானங்களில் அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே பதினோரு பேரும் நின்றிருப்போம். முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாகப் புடைத்திருக்கும். புடவை மறைத்துவிடும்.

நிற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கழிப்பறைதான் கொடுமை. வாடிக்கையாளர்களுக்கு அதே மாடியில் இருந்தது, நாங்கள் அதில் கால் வைக்கக் கூடாது. எங்களுக்கு மொட்டை மாடியில் ஒன்று. அதற்குப் போக சூப்பர்வைசர் சபாபதியின் மேசையில் தொங்கும் மரக்கட்டையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். மாடிக்கு ஒரே கட்டை. ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். அதுவும் கேட்டால் உடனே தரமாட்டார். “இப்பத்தானேம்மா போன? அதுக்குள்ளயா?” என்பார், பக்கத்தில் நிற்கும் ஆண்களுக்கும் கேட்கிற மாதிரி.

அதனால் தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தோம். காலையில் வீட்டில் குடிக்கும் காபி, மத்தியானம் சோற்றோடு அரை டம்ளர் தண்ணீர். புதிதாகச் சேரும் பெண்ணுக்கு மடிப்பு பிரிக்கச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லிக் கொடுப்போம். நாள் முழுக்க ஒரே முறை போய்ச் சமாளிப்பதை ஒரு சாமர்த்தியமாகவே பேசிக்கொள்வோம். நானும் பெருமைப்பட்டிருக்கிறேன். இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

3

மெஹருக்கு அடிக்கடி எரிச்சல் வரும், இடுப்பு வலிக்கும். ஒரு தடவை குளிர்ஜுரமே வந்துவிட்டது. புடவையைப் பிரிக்கும்போது அவள் விரல் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் அவளை மயிலாப்பூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். கபாலி கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் டாக்டர் மைதிலியின் வீடு. மருத்துவமனைக்குக் கிளம்புவதற்கு முன்னால், காலை ஏழரை மணியிலிருந்து வீட்டிலேயே நோயாளிகளைப் பார்ப்பார். நேரம் கழித்துப் போனால் எங்களுக்குக் கடைக்குத் தாமதமாகிவிடும்.

“எத்தன நாளா எரியறது?” என்றார் டாக்டர்.

“ஒரு வாரமா கீது, டாக்டரம்மா.”

“நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பே?”

மெஹர் என்னைப் பார்த்தாள். “சோறு துன்றப்ப அர டம்ளர்.”

“அவ்ளோதானா? ஏன்டிம்மா, ஒடம்புன்னு ஒண்ணு இருக்கே, அதுக்குத் தண்ணி வேண்டாமா? பத்து டம்ளராவது குடிக்கணும். அடக்கிண்டு நிக்கவே படாது. கீரை, மோரு நெறயச் சேத்துக்கோ. கார்த்தால அரை மணி நடக்கணும். நான் தெனம் பெசன்ட் நகர் பீச்சுல நடந்துட்டுத்தான் ஆத்துக்கு வரேன், பாரு.”

அத்தனை ஜுரத்திலும் மெஹர் சிரித்துவிட்டாள். “நீங்க நடக்கறீங்க, நல்லாத்தான் கீது. நாங்க எப்ப நடக்கறது? நாள் பூரா நின்னுகினே கீறோம். பத்து டம்ளர் குடிச்சா பத்து வாட்டி கட்டை கேக்கணும். அந்தாளு ரெண்டாவது வாட்டியே மூஞ்சிய சுளிக்கிறான்.”

“கட்டையா? என்ன கட்டை?”

நான் விளக்கினேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் அந்தக் கடையில் புடவை வாங்கியவர். கல்யாணத்துக்கு, கொலுவுக்கு, எல்லாவற்றுக்கும் வந்து அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தவர்.

பிறகு தன் பெயர் அச்சடித்த தாளில் ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பெண்ணுக்குச் சிறுநீர்த் தொற்று, தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் தடை கூடாது, அவ்வப்போது உட்கார அனுமதிக்க வேண்டும் என்று. “இதக் கொண்டு போய்க் குடு. டாக்டர் லெட்டரப் பாத்துட்டு யாரும் முடியாதுன்னு சொல்லமாட்டா” என்றார். நாங்களும் நம்பினோம்.

4

சபாபதி கடிதத்தைப் படித்துவிட்டு முதலாளி அறைக்கு எடுத்துப் போனார். அரை மணியில் திரும்பி வந்தார். “உடம்பு முடியாத பொண்ண நிக்க வெச்சு எதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு? நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாம்மா” என்று மெஹரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

பத்து நாளில் அவள் தேறிவிட்டாள். திரும்பி வந்தபோது, நன்றாகிவிட்டாள் என்று டாக்டரிடம் ஒரு லெட்டர் வாங்கி வரச் சொன்னார்கள். அதையும் வாங்கி வந்தாள். அதைப் படித்துவிட்டு, அவள் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது என்றார்கள்.

அவளைப் படியில் பார்த்தேன். அழவில்லை. சுவரை வெறித்துக்கொண்டிருந்தாள். அவள் சம்பளத்தில்தான் இரண்டு தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“முட்டாத்தனம் பண்ட்டேன் குணா. எனக்கு மட்டும்னு கேட்டுட்டேன் பாரு. சீக்காளின்னு முத்திர குத்தி வெளிய தள்ளிட்டான். எல்லாத்துக்கும் சேத்துக் கேட்டிருந்தா, பதினோரு பேத்தையும் ஊட்டுக்கு அனுப்பிட்டுக் கடைய யாரு பாத்துக்குவா?”

இதை நான் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். “நான் எழுதினதாலயா?” என்றார். அவர் முகம் சுருங்கிப்போனது.

அந்த வாரமே ஒரு மத்தியானம் கடைக்கு வந்தார். என் கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்து, “பட்டுல எதாவது காட்டு. நீயும் ஒரு நாற்காலியப் போட்டுண்டு உக்காந்து காட்டு” என்றார். சபாபதி ஓடி வந்தார். “மேடம், ஸ்டாஃப் உக்காரக் கூடாது. கடை ரூல்.”

“அப்படியா? அப்ப நானும் நிக்கறேன்” என்று எழுந்துகொண்டார். நின்றபடியே முப்பது, நாற்பது புடவைகளைப் பிரிக்கச் சொன்னார். சபாபதி நாற்காலியை இழுத்து இழுத்துப் போட்டார், டாக்டர் திரும்பியே பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

“முடியலடி குணா. பாதம் நெருப்பா எரியறது. ஒரு மணி நேரம்தான் ஆச்சு.”

எதுவும் வாங்காமல் படியிறங்கிப் போனார். அன்று எனக்கு நல்ல திட்டு. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து அவர் வீட்டு வாசல் ஆறரை மணிக்கே திறந்திருந்தது. கடற்கரை நடையை விட்டுவிட்டு, கடையில் நிற்கும் பெண்களுக்காக அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கினார். எங்கள் கடையிலிருந்து மட்டுமல்ல, பாண்டி பஜாரிலிருந்தும் பெண்கள் போக ஆரம்பித்தார்கள். பீச்சில் நட என்று அவர் அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லவில்லை.

5

இங்கே, நோயில்லை என்றே எழுதித் தருவாரா என்று கேட்க, என் குடும்ப டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருந்தேன். படிவத்தைப் புரட்டினார். “முழங்கால் வலிக்கிறதா?” என்றார். இல்லை. “முதுகு?” இல்லை. “கொஞ்சம்கூட?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிற பார்வை. நல்ல மனிதர்தான்.

“ஐ ஆம் ஹெல்தி. ஐ வான்ட் டு சிட், பிஃபோர் தி சிக்” என்றேன். நோய் வருவதற்கு முன்னால் என்று சொல்ல வந்தது. அவர், நோயாளிகளுக்கு முன்னால் உட்கார வேண்டும் என்று புரிந்துகொண்டார். படிவம் நிரப்பாமலே என்னோடு வீட்டுக்குத் திரும்பியது.

என் ஆங்கிலம் அப்படித்தான். இந்த நாட்டுக்கு வந்து முதல் வேலை ஒரு துணி வெளுக்கும் தொழிற்சாலையில். மூன்றாம் நாள் மேற்பார்வையாளரிடம் போய் “பாத்ரூம் இஸ் கம்மிங்” என்றேன். அவர் திரும்பி வாசலைப் பார்த்தார். இதை என் மகள் நித்யா தன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். நானும் கூடச் சிரிப்பேன். ஆனால் அன்று நான் எவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டேன், போகலாம் என்று அவர் ஒரே வார்த்தையில் சொன்னதும் ஏன் கண் கலங்கியது என்பதை அவளிடம் சொன்னதில்லை.

நித்யாவுக்கு நகர மையத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். படிவத்தைப் பார்த்தாள்.

“சும்மா வலிக்குதுன்னு எழுதுங்கம்மா. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. இதை ஏன் இஷ்யூ ஆக்குறீங்க?”

“எனக்கு வலிக்கலையே.”

“ஸோ? உங்களுக்கு ஸ்டூல் வேணும். அவங்களுக்கு ரீஸன் வேணும். கொடுத்துட்டுப் போங்க.”

பேச்சு திரும்பியது. அலுவலகத்தில் தனக்குப் புது மேசை வந்திருப்பதாகச் சொன்னாள். பொத்தானை அழுத்தினால் உயருமாம். நாள் முழுக்க உட்காருவது உடம்புக்குக் கெடுதல் என்பதால், நின்றுகொண்டு வேலை செய்ய வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

“யாருக்கெல்லாம் கொடுத்தாங்க?”

“எல்லாருக்கும்.”

“டாக்டர் லெட்டர் கேட்டாங்களா?”

அவள் படிவத்தை மறுபடி எடுத்துப் புரட்டினாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்து மெஹர் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் பிறந்த இந்த இருபத்திநான்கு வருஷமாகச் சொல்லாத கதை. வெட்கம்தான் காரணம். மூத்திரம் பற்றிய கதையை எந்தத் தாய் பெண்ணுக்குப் பெருமையாகச் சொல்வாள்? ‘கட்டை’ என்றால் அவளுக்குப் புரியவில்லை. ‘அடக்கிக்கிட்டு’ என்றாலும் புரியவில்லை. கையால் வயிற்றைப் பிடித்துக் காட்டினேன். அவள் போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தாள்.

“அப்புறம் என்னம்மா ஆச்சு?”

6

அப்புறம் ஆடி வந்தது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். படியில் ஏறும் கூட்டம் இறங்கும் கூட்டத்தை முட்டிக்கொண்டு நிற்கும். கவுண்டர் மேல் புடவை மலையாகக் குவிந்து கிடக்கும். அந்த மாதத்தில் ஒருத்தி நகர்ந்தாலும் கடைக்கு நஷ்டம்.

மெஹர் சொன்னதுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் சேர்த்து. சாப்பாட்டு நேரத்தில், பேருந்து நிறுத்தத்தில் என்று ஒவ்வொருத்தியாகப் பேசினேன். கொடி வேண்டாம், கோஷம் வேண்டாம், வேலையை நிறுத்த வேண்டாம். தண்ணீர் குடிப்போம், அவ்வளவுதான். டாக்டர் சொன்னபடி குடிப்போம். பயந்தவர்களும் இருந்தார்கள். “தண்ணி குடிச்சதுக்கா வேலைய விட்டுத் தூக்குவான்?” என்று கேட்டேன். தூக்கலாம் என்று எனக்கே தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஆளுக்கொரு பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்திருந்தோம். பத்து மணிக்கு ஒரு தடவை, பதினோரு மணிக்கு ஒரு தடவை, கவுண்டருக்குக் கீழே குனிந்து குனிந்து குடித்தோம். பன்னிரண்டுக்குள் எல்லோர் முகமும் மாறிவிட்டது. நான் கையிலிருந்த புடவையை மடித்து வைத்துவிட்டுச் சபாபதி மேசைக்குப் போனேன். என் பின்னால் பத்துப் பேரும் வந்து வரிசையில் நின்றார்கள். மெஹர் இடத்துக்குப் போட்ட புதுப்பெண்ணும் அதில் ஒருத்தி.

“இன்னா இது?” என்றார் சபாபதி. பதற்றத்தில் அவருக்கும் மெட்ராஸ் தமிழ் வந்துவிட்டது.

“கட்டை வேணும் சார்.”

“ஒவ்வொருத்தரா போங்க! கூட்டத்தப் பாக்கல?”

“ஒவ்வொருத்தரா போனா கடைசி ஆளு போறதுக்குச் சாயங்காலம் ஆயிடும் சார். தாங்காது.”

கவுண்டர்கள் காலி. நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் அம்மாள், “ஏம்மா, புடவை காட்டாம எல்லாரும் எங்க போறீங்க?” என்று சத்தம் போட்டார்.

எனக்குக் காது சூடானது. அத்தனை ஆண்கள் நிற்கிறார்கள். வாயைத் திறந்தேன்.

“ஒண்ணுக்குப் போறோம்மா. காலையில இருந்து போகல. நாங்க பதினோரு பேரு, போறதுக்கு இருக்கறது ஒரே கட்டை.”

ஓரத்தில் பூப்போட்ட புடவையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, கருவாட்டுக் கடை வைத்திருப்பவள் மாதிரி கணீரென்ற குரல், அங்கிருந்தே கத்தினாள். “அடப் பாவி மனுசா! அதுக்குக்கூடவா கட்டை? போய்ட்டு வாங்க கண்ணுங்களா! நாங்க இங்கயே குந்திகினு கீறோம். பொடவ எங்க ஓடிடப் போவுது?”

யாரோ சிரித்தார்கள். நான் கட்டைக்குக் காத்திருக்கவில்லை. மொட்டை மாடிக்கும் போகவில்லை. நேராக அதே மாடியில் இருந்த வாடிக்கையாளர் கழிப்பறைக் கதவைத் தள்ளினேன். சபாபதி, “ஏய், ஏய், அது கஸ்டமருக்கு!” என்று வந்தார். கதவருகே நின்ற இரண்டு பெண்கள் எங்களுக்கு வழிவிட்டு, அவர் வழியில் நின்றுகொண்டார்கள்.

மறுநாளும் குடித்தோம். முதல் மாடிப் பெண்களும் பாட்டில் கொண்டு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மாடியிலும் வரிசை. அன்று மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“அந்தப் பொண்ணத் திரும்ப எடுத்துக்கிட்டா இந்தக் கூத்து நிக்குமா?”

“கட்டையும் போகணும் சார். மாடிக்கு ஒரு தண்ணிப் பானை வேணும். ஒரு ஸ்டூலும் வேணும்.”

“ஸ்டூலா? கடையா, சத்திரமா?” என்று எழுந்துவிட்டார்.

7

மெஹர் திரும்பி வந்தாள். கட்டை போய்விட்டது. மாடிக்கொரு மண்பானை வந்தது. நாங்கள் எந்தக் கழிப்பறைக்குப் போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. என்னை மட்டும் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள், வாசல் பக்கம், குளிர்சாதனம் எட்டாத கைக்குட்டைப் பிரிவுக்கு. அங்கேயும் இரண்டு வருஷம் நின்றேன். ஸ்டூல் வரவேயில்லை. பிறகு கல்யாணம் ஆகி, கடைசல் இயந்திர வேலை தெரிந்த கணவருக்குப் பின்னால் இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தேன்.

மெஹர் இப்போது வேறொரு கடையில் மாடிப் பொறுப்பாளர். படிவத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று போனில் கூப்பிட்டேன்.

“இங்க சட்டமே வந்துட்சி தெரியுமா குணா? கடையில ஒக்கார எடம் குட்த்தே ஆவணும்னு. ஸ்டூலும் வந்துட்சி. ஒக்காந்தா மொறைக்கிற ஆளுங்களும் இருக்கத்தான் செய்றானுங்க. எங்க மாடியில நான் முதல்ல ஒக்காந்துடுவேன். என்னப் பாத்து பொண்ணுங்க தானா ஒக்காந்துடும்.” பிறகு, “அங்க வெள்ளக்கார ஊர்ல கூடவா நிக்க வெக்கிறான்?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

“இன்னாடி இது! பாஸ்போர்ட்டு, விசா எல்லாம் வாங்கிகினு போயும் நின்னுகினுதான் கீறியா?” என்று வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, “லெட்டர் மட்டும் வாங்காத” என்றாள்.

8

படிவத்தை நிரப்பினேன். குறைபாடு: எதுவுமில்லை. உடம்பின் பாகம்: இந்தக் கடையில் நிற்கும் எல்லோருடைய கால்களும். டாக்டர் பக்கத்தை வெறுமையாக விட்டேன். கூடவே ஒரு தாளில், எட்டு கவுண்டருக்கும் எட்டு ஸ்டூல் வேண்டும் என்று எழுதினேன். நித்யா என் ஆங்கிலத்தைத் திருத்தித் தந்தாள். ‘வேண்டும்’ என்பதை மாற்றி, ‘கிடைத்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்’ என்று போட்டிருந்தாள்.

“இல்லன்னா ரூடா இருக்கும்மா.”

“இருக்கட்டும். வேண்டும்னா வேண்டும்தான்.”

என்னைப் பார்த்துவிட்டுப் பழையபடி மாற்றினாள். அச்செடுத்தும் கொடுத்தாள். ஹர்ஜீத் முதல் கையெழுத்து. காலை முறை, மாலை முறை இரண்டிலுமாகப் பதினான்கு பேர் போட்டார்கள். மூன்று பேர் பயந்து போடவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, எனக்கு அந்தப் பயம் தெரியும். படிவத்தையும் தாளையும் கொண்டு போய்ப் பிரையனிடம் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து என் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. நல்ல ஸ்டூல், முதுகுச் சாய்மானம் வைத்தது. பிரையன் என்னை ஓரமாக அழைத்து, “இது உங்களுக்கு மட்டும், குணா. டாக்டர் லெட்டரெல்லாம் வேண்டாம், நான் பேசிவிட்டேன்” என்றான். எனக்கு நல்லது செய்துவிட்டதாக அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நன்றி சொன்னேன். பிறகு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்க் கவுண்டருக்கு முன்பக்கம், வரிசையில் காத்திருப்பவர்கள் பக்கம் வைத்தேன். கைத்தடியோடு நின்ற ஒரு வயதான சீனப் பெண்மணி அதில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். நான் என் ரப்பர் விரிப்புக்குத் திரும்பி வந்து நின்றேன்.

“உனக்கென்ன பைத்தியமா? உட்காரேன்!” என்றாள் பக்கத்துக் கவுண்டர் ஹர்ஜீத்.

“உனக்கும் வரட்டும்.”

ஒன்பது நாள் அந்த ஸ்டூலில் வாடிக்கையாளர்கள்தான் உட்கார்ந்தார்கள். ஏன் இது இந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் என் அரைகுறை ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். சிலர் நேராகப் போய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினார்கள். பத்தாம் நாள் இன்னும் ஐந்து ஸ்டூல்கள் வந்து இறங்கின. அன்றுதான் நானும் உட்கார்ந்தேன். கால் இரண்டும் தரையிலிருந்து எழும்பியபோது, அதை என்ன செய்வது என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை.

ஏழாம் கவுண்டருக்கும் எட்டாம் கவுண்டருக்கும் இன்னும் வரவில்லை. தலைமை அலுவலகத்தின் பரிசீலனையில் இருக்கிறதாம். அதனால் வாரத்துக்கு வாரம் கவுண்டர் மாறி முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். யாரும் எப்போதும் உட்கார்ந்திருப்பதில்லை, யாரும் எப்போதும் நிற்பதில்லை. ஏழில் நிற்பவள்தான் அந்த வாரத் திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குப் போய், மீதி இரண்டும் எங்கே என்று கேட்க வேண்டும்.

இந்த வாரம் ஏழில் நிற்பது நான்.